முதல் முடியும் கடற்கரையும்

தமிழ்க் குடும்பங்கள் கடற்கரைக்குச் சுற்றுலா போகத் தொடங்கிய வரலாற்றைச் சொல்கிறவர்கள் பெரும்பாலும் மெரினாவிலிருந்துதான் ஆரம்பிக்கிறார்கள். 1881 முதல் 1886 வரை சென்னை ஆளுநராக இருந்த கிராண்ட் டஃப் கடலோரத்தில் உலாவுவதற்கென்று ஒரு சாலை போட்டு, அதற்கு மெரினா என்று பெயர் வைத்தார். 1909-இல் அதன் ஓரத்தில் மீன் காட்சிசாலை வந்தது. வெள்ளைக்கார அதிகாரிகள் மாலையில் காற்று வாங்கியதைப் பார்த்து வக்கீல்களும் குமாஸ்தாக்களும் வந்தார்கள், பின்னால் ஊரே வந்தது என்று அந்தக் கதை முடியும். சென்னை நகரத்துக்கு அது பொருந்தலாம். மற்ற ஊர்களுக்குப் பொருந்தாது. கோவில்பட்டியிலோ சிவகாசியிலோ மன்னார்குடியிலோ இருந்த ஒரு குடும்பம் மூன்று தலைமுறைக்கு முன்னால் கடலை எதற்காகப் போய்ப் பார்த்தது என்று விசாரித்தால், காற்று வாங்க என்று பதில் வராது. பிள்ளைக்கு முடியிறக்கப் போனோம் என்றுதான் வரும். தமிழ்நாட்டின் கடற்கரைச் சுற்றுலாவுக்கு வழி போட்டது முதல் முடி இறக்காத கைக்குழந்தை என்பதே இங்கே நான் நிறுவ விரும்புவது. எந்த ஊருக்குப் போவது, எந்த மாதம் போவது, யார் யார் கூட வருவது, எங்கே தங்குவது என்ற எல்லாவற்றையும் தீர்மானித்தது அந்தக் குழந்தையின் தேவைகளும் அதன் உயிரைப் பற்றிய பயமும். ரயிலும் விடுதிகளும் சுற்றுலாத் துறையும் அந்தத் தடத்தில் பிறகு வந்து சேர்ந்தவை.

அந்தப் பயணத்தின் அமைப்பைக் கொஞ்சம் நிதானமாகப் பார்க்க வேண்டும். குழந்தை வயிற்றில் இருக்கும்போதோ, பிறந்து காய்ச்சலில் கிடக்கும்போதோ ஒரு நேர்த்திக்கடன் நேரப்படும். ஒற்றைப்படை மாதத்திலோ வயதிலோ நாள் குறிப்பார்கள். தாய்மாமன் வராமல் காது குத்த முடியாது. அவன் மடியில்தான் குழந்தை உட்கார வேண்டும், தோடும் புதுத்துணியும் அவன் சீர். மாமன் வந்தால் மாமன் வீட்டார் வருவார்கள். அப்பா வழிப் பாட்டி வந்தால் அம்மா வழிப் பாட்டியும் வருவாள். இப்படித்தான் ஒரு சின்ன உயிருக்காக இருபது முப்பது பேர் வண்டி கட்டினார்கள், பிற்காலத்தில் வேன் பிடித்தார்கள். கட்டுச்சோறாகப் புளியோதரையும் எலுமிச்சை சோறும் கூட வந்தன. திமிறி அழும் குழந்தையின் தலையைக் கீறல் படாமல் மழிக்கிற கைகள் முடிக்கொட்டகையில் காத்திருக்கும். முடி இறங்கியதும் தலையில் சந்தனம் பூசுவார்கள். காது குத்தி, சாமி கும்பிட்டு முடிக்கும்போது காலைப் பொழுது தாண்டியிருக்காது. வந்த வேலை முடிந்தது, ஆனால் வந்தவர்கள் முப்பது பேர், பொழுதோ பாதிக்கு மேல் மிச்சம். அந்த மிச்சப் பொழுதில்தான் தமிழ்க் குடும்பத்தின் கடற்கரைச் சுற்றுலா பிறந்தது. சிப்பி மாலை, சங்கு, பனங்கற்கண்டு, சில்லுக்கருப்பட்டி, பக்கத்து ஊர்க் கோயில், கொஞ்சம் தள்ளியிருக்கும் பழைய கோட்டை என்று அது விரிந்தது.

நேர்த்திக்கடனுக்குப் பின்னால் இருந்த பயத்தை இன்றைய கணக்கில் வைத்துப் புரிந்துகொள்ள முடியாது. இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பிரிட்டிஷ் இந்தியாவில் பிறந்த ஆயிரம் குழந்தைகளில் ஏறத்தாழ 200 பேர் ஓராண்டு நிறைவதற்குள் இறந்தார்கள். 2020-இல் தமிழ்நாட்டில் அந்த எண் 13. ஐந்தில் ஒரு குழந்தை போய்விடும் என்றிருந்த காலத்தில் முதல் முடி இறக்குவதென்பது, பிள்ளை தங்கிவிட்டது என்று ஊருக்கும் உறவுக்கும் அறிவிக்கும் சடங்கு. அதனால்தான் திருச்செந்தூரில் குழந்தையை முருகனுக்கே தத்துக் கொடுத்துவிட்டுத் திரும்ப வாங்கிக்கொள்ளும் வழக்கம் உண்டாயிற்று. எங்கள் பிள்ளையாக இருந்தால் பிழைக்குமோ என்னவோ, உன் பிள்ளையாக இருக்கட்டும் என்று சொல்லும் வழக்கம் அது. பதினேழாம் நூற்றாண்டில் ஸ்ரீவைகுண்டத்தில் பிறந்த குமரகுருபரரின் வரலாற்றிலும் இந்தப் பயணத்தைப் பார்க்கிறோம். ஐந்து வயதாகியும் பேச்சு வராத பிள்ளையைப் பெற்றோர் திருச்செந்தூருக்குத் தூக்கிவந்து கடலோரக் கோயிலில் தங்கி விரதம் இருந்தார்கள், பிள்ளை வாய் திறந்து கந்தர் கலிவெண்பா பாடியது என்று அந்த வரலாறு சொல்லும். அற்புதத்தை நம்புவதும் நம்பாததும் அவரவர் விருப்பம். ஆற்றங்கரை ஊரில் இருந்த ஒரு குடும்பம் பிள்ளையின் குறைக்காகக் கடற்கரைக்குப் போய் நாள் கணக்கில் தங்குவது அந்தக் கதையைச் சொன்னவர்களுக்கும் கேட்டவர்களுக்கும் இயல்பாகப் பட்டது என்பதுதான் எனக்கு முக்கியம்.

இது ஒரு மதத்துக்குள் அடங்கிய வழக்கமாக இருந்திருந்தால் என் வாதம் பலவீனமாகியிருக்கும். அப்படி இல்லை. வேளாங்கண்ணிக்குப் போகிறவர்களும் குழந்தைக்கு மொட்டை போடுகிறார்கள், காது குத்துகிறார்கள், பிள்ளை வரம் வேண்டித் தொட்டில் காணிக்கை வைக்கிறார்கள். அந்த ஊரின் மூலக்கதையையே பாருங்கள். பால் கொண்டுபோன ஒரு சிறுவனிடம், குழந்தையைக் கையில் ஏந்திய ஒரு பெண் அந்தக் குழந்தைக்காகப் பால் கேட்கிறாள். மோர் விற்ற கால் ஊனமான பையனின் கதையிலும் அவள் குழந்தைக்காகவே கேட்கிறாள். 1962-இல் பேராலயமாக உயர்த்தப்பட்ட அந்தத் திருத்தலத்தின் அடியில் இருப்பது, கைக்குழந்தையோடு கடலோரத்தில் நிற்கும் ஒரு தாயின் தேவை. அங்கிருந்து சிறிது வடக்கே நாகூர் தர்காவில் மத வேறுபாடின்றிக் குழந்தைகளுக்கு முடியிறக்குகிறார்கள். அந்தத் தர்காவின் ஐந்து மினாராக்களில் மிக உயரமானதைக் கட்டியவர் தஞ்சை மராட்டிய மன்னர் பிரதாப சிங். பிள்ளை வரம் வேண்டி நேர்ந்துகொண்டு, வேண்டியது கிடைத்ததும் கட்டினார் என்று சொல்லப்படுகிறது. நாகப்பட்டினக் கரையில் இன்றும் தூரத்திலிருந்து கண்ணுக்குத் தெரியும் அந்த 131 அடிக் கோபுரம், அந்த வழக்குப்படி பார்த்தால், ஒரு குழந்தைக்கான நேர்த்திக்கடன். கோயிலோ மாதாகோயிலோ தர்காவோ இல்லாத சான்றும் உண்டு. மாசி மகத்து முழுநிலவில் இருளர் மக்கள் மாமல்லபுரக் கடற்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து கூடுகிறார்கள். மணலில் கன்னியம்மனை வழிபட்டு, அங்கேயே கல்யாணம் முடித்து, அங்கேயே குழந்தைகளுக்கு மொட்டையடித்துக் காது குத்துகிறார்கள். பக்கத்தில் பல்லவர் சிற்பங்களைப் பார்க்க உலகமே வருகிறது. அவர்கள் வருவது கடலிடம்.

சடங்கு மட்டும் ஒரு பயணத்தை நடத்திவிடாது. பிறந்து சில மாதமே ஆன குழந்தையையும் பால் கொடுக்கும் தாயையும் வண்டியில் ஏற்றி நாள் கணக்கில் அழைத்துப்போக வழியில் ஏற்பாடு வேண்டும். அந்த ஏற்பாடு இருந்ததற்கு மிக நல்ல சான்று தஞ்சையில் கிடைக்கிறது. 1799 உடன்படிக்கைக்குப் பிறகு தஞ்சை நாட்டின் நிர்வாகம் கிழக்கிந்தியக் கம்பெனியிடம் போனபோது, இராமேசுவரம் போகும் சாலையில் தம் முன்னோர் கட்டிய சத்திரங்கள் மட்டுமாவது தம்மிடம் இருக்க வேண்டும் என்று தஞ்சை மன்னர் இரண்டாம் சரபோஜி விரும்பினார். 1801-இல் அவர் ஆங்கிலேய ரெசிடெண்டுக்கு எழுதிய கடிதம் அந்தச் சத்திரங்களில் என்ன நடக்கிறது என்று ஒவ்வொன்றாகச் சொல்கிறது. எந்தச் சாதியாராயினும் வருகிறவர்களுக்கு உணவு உண்டு. நள்ளிரவில் மணி அடித்து, அதுவரை சாப்பிடாதவர் யாரேனும் இருந்தால் அழைப்பார்கள். நோய்க்கும் விஷக்கடிக்கும் வைத்தியர்கள் இருந்தார்கள். வழியில் பிரசவமாகும் பெண்களுக்குப் பேறு பார்த்து, பிள்ளை பெற்ற பிறகும் தங்கியிருக்க இடம் கொடுத்தார்கள். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்தார்கள். பெற்றோர் வழியிலேயே இறந்துபோனால் அநாதையான பிள்ளைகளை வைத்து வளர்த்து, எண்ணெய் தேய்த்துக் குளிப்பாட்டி, படிக்கவும் வைத்தார்கள். ஒரு மன்னர் தம் தருமத்தைக் காப்பாற்றிக்கொள்ள எழுதிய கடிதம் என்பதால் அதில் சற்று மிகை இருக்கலாம். ஆனாலும் எதைச் சொன்னால் அது தருமமாக ஏற்கப்படும் என்று அவர் நினைத்தாரோ அதுவே சான்று. சேதுக்கரைக்குப் போகும் வழியில் கர்ப்பிணியும் கைக்குழந்தையும் போவார்கள் என்று அவர் எடுத்துக்கொள்கிறார். அவர்களைத் தாங்குவது சத்திரத்தின் கடமை என்றும் எடுத்துக்கொள்கிறார். அடுத்த ஆண்டு ஒரத்தநாட்டில் அவர் நிறுவிய முத்தம்பாள் சத்திரம், பிரசவத்தில் இறந்த அவருடைய அன்புக்குரிய பெண்ணின் நினைவாக எழுந்தது என்று அந்த வட்டாரத்தில் சொல்கிறார்கள். கடலை ஒட்டிய சேதுபாவாசத்திரம் இன்றைக்கு ஊர்ப்பெயராகவே நிலைத்திருக்கிறது. அதன் அருகில் மல்லிப்பட்டினத்தில், நெப்போலியனை ஆங்கிலேயர் வென்றதைக் கொண்டாட 1814 வாக்கில் அதே சரபோஜி கட்டிய மனோரா நிற்கிறது. இன்று சுற்றுலாக் கையேடு மனோராவைத்தான் காட்டும். அந்தக் கரைக்கு மக்கள் போக வழி செய்தது சத்திரம்.

இந்த ஏற்பாடுகளில் எல்லோரும் சமமாகப் பங்கு பெற்றார்கள் என்று சொன்னால் பொய்யாகும். உணவு எல்லோருக்கும் உண்டு என்றாலும், யார் எந்தக் கூடத்தில் உட்கார்ந்து உண்பது, எந்த அறையில் படுப்பது என்பதில் சாதி இருந்தது. 1936-இல் திருவிதாங்கூரிலும் 1939-இல் சென்னை மாகாணத்திலும் ஆலயப் பிரவேசத்துக்குச் சட்ட வழி பிறக்கும் வரை, ஒடுக்கப்பட்ட சாதிக் குடும்பம் ஒன்று குழந்தைக்காக நேர்ந்துகொண்டு பெருங்கோயிலுக்கு வந்தாலும் உள்ளே போக முடியாது. குழந்தையின் உயிருக்கான பயம் எல்லார் வீட்டிலும் ஒன்றுதான். வாசல் எல்லாருக்கும் திறக்கவில்லை. கடற்கரைத் தலங்களின் வரலாற்றில் இது அழியாத கறை. உவரி அந்தோணியார் கோயிலையும் வேளாங்கண்ணியையும் நாகூரையும் நோக்கி இந்துக் குடும்பங்களும் இத்தனை பேர் போனதற்கு இதுவும் ஒரு காரணம் என்றே நான் கருதுகிறேன். கடலுக்கு மட்டும் வாசல் இல்லை. கோயில் வாசல் மூடப்பட்டிருந்தவர்களும் மணலில் நின்று முடி இறக்கலாம், நீராடலாம் என்பது அந்தக் கரையின் மதிப்பைக் கூட்டியிருக்க வேண்டும்.

ரயில் வந்ததும் இந்தப் பயணத்தின் அளவு மாறியது, குணம் மாறவில்லை. 1861-இல் நாகப்பட்டினத்திலிருந்து தஞ்சாவூருக்கும் அடுத்த ஆண்டு திருச்சிராப்பள்ளி வரைக்கும் இருப்புப்பாதை போட்டார்கள். துறைமுகத்துக்காகப் போட்ட பாதை அது. 1914-இல் பாம்பன் பாலம் திறந்ததும் அப்படித்தான். தனுஷ்கோடி வழியாக இலங்கைக்கு ஆட்களையும் சரக்கையும் கொண்டுபோவது நோக்கம். ஆனால் மூன்றாம் வகுப்புப் பெட்டியில் ஏறியவர்களில் நாகூருக்கும் இராமேசுவரத்துக்கும் போகிற குடும்பங்கள் ஏராளம். 1923-இல் திருநெல்வேலியிலிருந்து திருச்செந்தூருக்கு ரயில் விட்டபோது நிலைமை வேறு. அங்கே பெரிய துறைமுகம் கிடையாது, கடைசி நிலையத்தில் இறங்குகிறவர் பெரும்பாலும் கோயிலுக்குத்தான் போக வேண்டும். மாட்டுவண்டியில் மூன்று நாள் ஆன வழி சில மணி நேரமானதும், இதற்கு முன் வீட்டிலேயே விடப்பட்ட பச்சை உடம்புக்காரிகளும் கூட வர முடிந்தது. புகுந்த வீட்டுக்கும் பிறந்த வீட்டுக்கும் நடுவிலேயே காலம் கழித்த இளம்பெண்ணுக்கு, யாரும் தடை சொல்ல முடியாத வெளியூர்ப் பயணம் பிள்ளையின் நேர்த்திக்கடன் ஒன்றுதான். எத்தனையோ தமிழ்ப் பெண்கள் கடலை முதன்முதலாகப் பார்த்தது கையில் குழந்தையோடுதான் என்பதை நம் பயண வரலாறுகள் எழுதிவைக்கவில்லை. பயண நூல் எழுதியவர்கள் பெரும்பாலும் தனியாகப் போன ஆண்கள்.

இங்கே ஒரு மறுப்பு எழும். இதெல்லாம் யாத்திரை, சுற்றுலா அன்று. இரண்டையும் குழப்பக் கூடாது என்பது அது. கருத்தளவில் பிரிக்கலாம். ஒரே வேனில் ஒரே நாளில் நடக்கிறதைப் பிரிப்பது கடினம். தென்மாவட்டத்துக் குடும்பம் ஒன்று திருச்செந்தூரில் மொட்டை போட்ட கையோடு எங்கே போகிறது என்று பாருங்கள். மணப்பாட்டில் குன்றின்மேல் இருக்கும் கோயில், உவரி, பிறகு கன்னியாகுமரி, திரும்பும் வழியில் சுசீந்திரம். கன்னியாகுமரியில் அந்தக் குழந்தைக்குச் செய்ய வேண்டிய சடங்கு எதுவும் இல்லை. 1970-இல் திறந்த விவேகானந்தர் பாறைக்கும், 2000-ஆம் ஆண்டு முதல் நாளில் திறந்த 133 அடித் திருவள்ளுவர் சிலைக்கும் படகேறிப் போவது முழுக்கக் காட்சிக்காக. வேளாங்கண்ணிக்கு வந்த குடும்பம் நாகூர் பார்த்து, தரங்கம்பாடியில் 1620-இல் டேனிஷ்காரர் கட்டிய கோட்டையைப் பார்த்து, பூம்புகார் வழியாக வீடு திரும்புகிறது. டேனிஷ் கோட்டையைப் பார்க்கவென்றே சேலத்திலிருந்து முப்பது பேர் வேன் பிடிப்பார்களா? மாட்டார்கள். ஆனால் குழந்தைக்காகப் பிடித்த வேன் அந்தக் கோட்டை வாசலில் நிற்கிறது. பழைய யாத்திரையிலும் இதே கலப்பு இருந்தது. தலபுராணம் கேட்பது, தீர்த்தம் தீர்த்தமாகப் போய்ப் பார்ப்பது, நீண்ட பிராகாரத்தின் தூண்களைப் பார்த்து வியப்பது, இந்த ஊரில் என்ன விசேஷம் என்று கேட்டு வாங்கிக்கொண்டு போவது என்று கண்ணுக்கும் வாய்க்கும் அதில் எப்போதும் பங்கு இருந்தது. கடமையும் களிப்பும் தனித்தனி நாளில் நடக்க வேண்டும் என்ற எண்ணம் அலுவலக விடுமுறையோடு வந்தது.

இரண்டாவது மறுப்பு இதைவிட வலுவானது. மொட்டை பழனியிலும் திருப்பதியிலும் சமயபுரத்திலும்தான் அதிகம் நடக்கிறது. பெரும்பாலான குடும்பங்களுக்கு முதல் முடி குலதெய்வக் கோயிலில், அதுவும் பொட்டல் காட்டில் இருக்கும் சிறு கோயிலில் இறங்குகிறது. அப்படியிருக்கக் கடலுக்கு என்ன தனிச்சிறப்பு? உண்மைதான். முதல் முடி எல்லாம் கடலோரத்தில் இறங்கியது என்று நான் சொல்ல வரவில்லை. ஆனால் குலதெய்வக் கோயில் சொந்த ஊர். அங்கே போனால் பங்காளி வீட்டில் சாப்பிட்டு, வழக்குப் பேசி, மாலையில் திரும்புகிறோம். பார்க்கப் புதிதாக ஏதுமில்லை. மலைத் தலங்களில் ஏறி இறங்குவதிலேயே நாள் போய்விடும், கைக்குழந்தையோடும் கிழவியோடும் போகிறவர்களுக்குச் சொல்லவே வேண்டாம். கடற்கரைத் தலம் மட்டும் சமதரையில், தண்ணீர் ஓரத்தில், எல்லா வயதினருக்கும் உட்கார மணலோடு இருக்கிறது. இன்னொரு காரணத்தையும் சேர்க்க வேண்டும். இந்தத் தலங்களில் உப்புத் தண்ணீருக்குப் பக்கத்திலேயே நல்ல தண்ணீர் இருக்கிறது. திருச்செந்தூரில் கடலுக்கு அருகிலேயே நாழிக்கிணறு. கடலில் குளித்தவர்கள் அதில் குளித்தாக வேண்டும் என்பது முறை. இராமேசுவரத்தில் அக்னி தீர்த்தக் கடலில் முழுகியவர்கள் கோயிலுக்குள் இருக்கும் 22 தீர்த்தங்களில் நீராடுகிறார்கள். வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் குளம் உண்டு. மழித்த தலையையும் குத்திய காதையும் உப்பு அரிக்காமல் கழுவ நல்ல தண்ணீர் இல்லாத கரையில் குழந்தைச் சடங்கு வேரூன்றியிருக்காது. இந்தக் கிணறுகளுக்கும் குளங்களுக்கும் புராணம் வேறு காரணம் சொல்லும். அவை நடைமுறையில் செய்த உதவி இதுதான்.

பழந்தமிழரே கடலாடிக் களித்தவர்கள்தானே, சடங்கை ஏன் இழுக்க வேண்டும் என்று கேட்பவர்களும் உண்டு. சிலப்பதிகாரத்தின் கடலாடு காதை இந்திரவிழா முடிந்து புகார் மக்கள் கடற்கரையில் கூடியதை விரிவாகக் காட்டுகிறது. கோவலனும் மாதவியும் அங்கே போகிறார்கள், கரையெங்கும் கடைகளின் விளக்கொளி. அது அருமையான உல்லாசப் பயணம், மறுக்கவில்லை. ஆனால் அது காதலர்களின் கடற்கரை. அவர்களுக்குப் பிறந்த மணிமேகலையை அந்த உலாவில் நாம் பார்ப்பதில்லை. துறைமுகம் அழிந்தபோது அந்தக் கூட்டமும் கலைந்தது; பின்வந்த நூற்றாண்டுகளில் உள்நாட்டுக் குடும்பங்களைத் தொடர்ந்து கடலுக்கு இழுத்துவந்த வழக்கம் என்று அதைக் காட்ட முடியாது. தொடர்ச்சி வேறிடத்தில் இருக்கிறது. கோவலனின் முன்னோன் ஒருவன் கடலில் மூழ்கத் தவித்தபோது காப்பாற்றிய கடல்தெய்வத்தின் பெயரையே குழந்தைக்கு வைத்தார்கள் என்று அதே காப்பியம் சொல்கிறது. கடலிடம் பட்ட நன்றியைப் பிள்ளையின் மேல் வைத்துத் தீர்க்கும் மனம் அங்கேயே தெரிகிறது. இன்று திருச்செந்தூர் மணலில் மொட்டைத் தலையோடு உட்கார்ந்திருக்கும் குழந்தை, கடலாட்டுக்கு உறவாவதைவிட அந்தப் பெயர் சூட்டலுக்கே நெருங்கிய உறவு.

விடுமுறைக்குக் கடற்கரை என்ற எண்ணத்தையே நாம் இங்கிலாந்திடமிருந்துதான் பெற்றோம் என்பவர்களுக்கும் ஒரு வார்த்தை. இங்கிலாந்திலும் மக்கள் முதலில் கடலுக்குப் போனது விளையாட அல்ல. 1750-இல் ரிச்சர்ட் ரஸ்ஸல் என்ற மருத்துவர் கடல்நீர் சுரப்பிக் கட்டிகளைக் குணமாக்கும் என்று எழுதினார், குளிக்கவும் சொன்னார், குடிக்கவும் சொன்னார். 1791-இல் மார்கேட்டில் கண்டமாலை நோயுள்ள ஏழைகளுக்காகக் கடல்நீராட்டு மருத்துவமனை தொடங்கினார்கள். சார்ல்ஸ் டிக்கன்ஸின் ‘டோம்பி அண்ட் சன்’ நாவலில் நோஞ்சானான சிறுவன் பால் பிரைட்டனுக்கு அனுப்பப்படுவது அந்தக் காலத்து வீடுகளில் நடந்ததுதான். மண்வாளியும் கழுதைச் சவாரியும் பொம்மலாட்டமும் அந்த மருத்துவப் பயணத்தின் மிச்சப் பொழுதில் வளர்ந்தவை. ஆக இரண்டு நாட்டிலும் பிள்ளை பிழைக்க வேண்டுமே என்ற தவிப்புதான் குடும்பங்களைக் கடலை நோக்கி நகர்த்தியது. அங்கே மருத்துவர் சீட்டு எழுதினார், இங்கே பாட்டி மஞ்சள் துணியில் காசு முடிந்தாள். ஒன்று மற்றொன்றிலிருந்து வந்ததாகக் கொள்ள வேண்டியதில்லை.

கைக்குழந்தையைக் கடலோரத்துக்குக் கொண்டுபோவது ஆபத்தான வழக்கம், அதை ஏன் கொண்டாட வேண்டும் என்ற கேள்வியைத் தட்டிக்கழிக்க முடியாது. வெயில் உண்டு, கூட்டம் உண்டு, அலை உண்டு. 2004 டிசம்பர் 26, கிறிஸ்துமஸுக்கு மறுநாள் ஞாயிற்றுக்கிழமை காலை, வேளாங்கண்ணிக் கரையில் இருந்த யாத்திரிகர்களில் நூற்றுக்கணக்கானோரை ஆழிப்பேரலை கொண்டுபோனது. நாகை மாவட்டம் முழுவதிலும் அன்று மாண்டவர்களில் குழந்தைகள் எத்தனையோ பேர். அந்தத் துயரத்துக்கு எந்த வாதமும் பதிலாகாது. ஆனால் அன்றாட ஆபத்தைப் பொறுத்தவரை பழைய முறை கவனமானது. குழந்தையை அலைக்குள் இறக்குவதில்லை. கையில் அள்ளிய நீரைத் தலையில் தெளிப்பதோடு சரி. உச்சி வெயிலுக்கு முன் முடியிறக்கம் முடிந்துவிடும், சந்தனம் தலையைக் குளிர்விக்கும். முப்பது பேரில் குழந்தையை மடி மாற்றி மடி வைத்திருக்க ஆள் இருந்தார்கள். இன்று அப்பாவும் அம்மாவும் குழந்தையும் மட்டும் காரில் போகிறபோது அந்தக் கைகள் இல்லை. காணும் பொங்கலன்று மெரினாவில் போலீசார் சின்னப் பிள்ளைகளின் கையில் பெற்றோரின் தொலைபேசி எண் எழுதிய பட்டையைக் கட்டிவிடுகிறார்கள். நல்ல ஏற்பாடு. முன்பு உறவுக்கூட்டம் செய்த காவலைக் கூட்டத்தின் நடுவில் அரசு செய்யவேண்டியிருக்கிறது.

இந்த வரலாறு சரி என்றால் சில நடைமுறை விளைவுகள் உண்டு. 1971-இல் தமிழ்நாடு சுற்றுலா வளர்ச்சிக் கழகம் வந்தது முதல் கடற்கரை என்றால் விடுதி, படகு, உணவகம், வெளிச்சம் என்றே திட்டமிட்டு வருகிறோம். கிழக்குக் கடற்கரைச் சாலை ஓரத்து விடுதிகளின் விளம்பரங்களில் இளம் தம்பதிகள் இருக்கிறார்கள். உண்மையில் இந்தக் கரைகளை நிரப்புவது மொட்டைத் தலைக் குழந்தையும் அதைச் சுற்றி வரும் மூன்று தலைமுறையும். 2015-இல் தமிழக அரசு பேருந்து நிலையங்களில் பாலூட்டும் அறைகள் திறந்தது. 2021-இல் அறநிலையத் துறைக் கோயில்களில் முடி காணிக்கைக் கட்டணத்தை நீக்கியது. இரண்டும் இந்தப் பயணத்தை உள்ளபடி புரிந்துகொண்டு எடுத்த முடிவுகள். அந்தப் புரிதல் கோயில் வாசலோடும் பேருந்து நிலையத்தோடும் நின்றுவிடக் கூடாது. படகுக்கு மணிக்கணக்கில் நிற்கும் வரிசைக்கும், நிழலில்லாத கோட்டை வாசலுக்கும், தனுஷ்கோடி மணலுக்கும் அது போய்ச் சேர வேண்டும். ஒவ்வொரு கடலோரத் தலத்தையும் சரபோஜியின் 1801 பட்டியலை வைத்துச் சோதிக்கலாம்: குழந்தைக்குப் பால் கிடைக்கிறதா, தாய் உட்கார இடம் இருக்கிறதா, காய்ச்சல் வந்தால் வைத்தியர் இருக்கிறாரா, இரவில் பிந்தி வந்த குடும்பத்துக்குச் சாப்பாடு உண்டா, பெற்றோரைப் பிரிந்த பிள்ளையை யார் வைத்துக்கொள்கிறார்கள். சேது வழிச் சத்திரங்களில் பல இடிந்துவிட்டன. எஞ்சியவற்றைப் பாரம்பரியக் கட்டடங்களாகப் பாதுகாக்கும்போது எந்த மன்னர், எந்த ஆண்டு, எத்தனை தூண் என்று பலகை வைக்கிறோம். கைக்குழந்தைகளுக்குப் பால் கொடுத்த இடம் இது என்ற செய்தியும் அந்தப் பலகையில் ஏற வேண்டும்.